பவர் பட்டனில் வைத்த பொட்டு

என் லேப்டாப் செத்துப்போனது தண்ணீராலா சந்தனத்தாலா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. யாருடைய பூஜையில் என்று மட்டும் தெரியும். என் அண்ணன் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஈர வேட்டியோடு நின்று, வாயில் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே அதன் கதையை முடித்தான்.

அப்போது நான் மும்பையில், மாட்டுங்கா லேபர் கேம்பில் அண்ணன் வீட்டில் இருந்தேன். வீடு என்றால் கீழே அவனுடைய கார்கானா, மேலே குடும்பம். கீழே தோல் பை தைக்கிற மிஷின்களும், தோலை அச்சு வைத்து வெட்டுகிற பிரஸ்ஸும் இருக்கும். பிரஸ் இறங்கும் ஒவ்வொரு முறையும் மேலே எங்கள் அலமாரியில் டம்ளர்கள் அதிரும். இரும்பு ஏணி வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். மேலே ஒரு மூலையில், அண்ணன் பெண்டாட்டியான என் மைனியின் துணிப்பெட்டிக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவில், எனக்கு ஒரு பாய் அகல இடம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் உட்கார்ந்துதான் நான் வேலை பார்த்தேன்.

நான் புருஷனை விட்டுவிட்டு வந்தவள். அவர் செம்பூரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இஸ்திரி போடாத சட்டை போடமாட்டார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். என்னை அடிப்பதற்கு முன்னால் என் கண்ணாடியை இரண்டு கையாலும் மெதுவாகக் கழற்றி, மடக்கி, டிவிக்கு மேலே வைப்பார். உடைந்தால் புதிதாக வாங்க வேண்டுமே. அதற்குப் பிறகுதான் அடி விழும். கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் சரியாகத் தெரியாது என்பதால் அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே புரியாது. கல்யாணமான காலமெல்லாம் இப்படித்தான் ஓடியது. ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாற்றுத் துணியையும் லேப்டாப்பையும் பையில் திணித்துக்கொண்டு, ரயிலேறி வந்துவிட்டேன்.

அண்ணன் என்னை உள்ளே விட்டான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூடவே ஒரு கண்டிஷனும் போட்டான். "வேலை பெர்மனென்ட் ஆச்சுன்னா இங்கனயே இரு, ஒரு பய கேக்க மாட்டான். ஆகலன்னா மாப்ள கூடப் போயிரு. நானும் எத்தன பேருக்குத்தான் பதில் சொல்லுதது?"

வேலை, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் பில்களைச் சரிபார்ப்பது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் லேப்டாப் நம்முடையதாக இருக்க வேண்டும். வேலையை நிரந்தரமாக்குவதற்கு முன் வீடியோவில் ஒரு ரிவ்யூ வைப்பார்கள். என்னோடு சேர்ந்த ஒரு பெண் தன்னுடைய ரிவ்யூ அன்று கரண்ட் போய்விட்டது என்று வரவில்லை. மறுநாள் குரூப்பிலிருந்தே அவளைத் தூக்கிவிட்டார்கள். என்னுடையதை விஜயதசமி அன்று காலை பத்து மணிக்கு வைத்தார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஏது தசமி? என் புருஷனுக்கு இருந்தது. நல்ல நாளாயிற்றே, அன்றைக்கே வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்று அண்ணனுக்கு போன் பண்ணியிருந்தார். இவனும் வாங்க, பாப்போம் என்று சொல்லி வைத்திருந்தான். ஆக, பத்து மணிக்கு அந்த லேப்டாப்பில் என் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மத்தியானம் நான் மறுபடி செம்பூர் ரயிலில் உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள் ஆயுத பூஜை. லேபர் கேம்பில் அன்றைக்கு ஒரு மிஷின் ஓடாது. கார்கானாவைக் கழுவி, பிரஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, கத்தரி, உளி, சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் என்று கையில் பிடிக்கிற அத்தனையையும் அம்மன் படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். மறுநாள் மறுபூஜை முடிகிற வரை ஒன்றையும் தொடக்கூடாது. நான் என் லேப்டாப்பைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். மைனி கண்டுபிடித்து எடுத்துவிட்டாள்.

"சோறு போடுத பொருளுட்டி இது. சாமி முன்னால வைக்காம ஒளிச்சு வச்சா வெளங்குமா?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் வைக்க ஆசையாகத்தான் இருந்தது. என் பெயரில் எனக்குச் சோறு போட்ட முதல் பொருள் அது. கொடுத்துவிட்டேன்.

மூடி வைத்தால் போதும் என்று நினைத்தேன். அண்ணன் அதை விரித்து வைத்தான். "மூடி வச்சா சாமி எங்ஙன பாக்கும்?" என்று கேட்டான். கார்கானாவில் பொட்டு எப்போதும் சுவிட்சில்தான் வைப்பார்கள். பிரஸ்ஸின் சுவிட்சில் ஒன்று, ஒவ்வொரு தையல் மோட்டாரின் சுவிட்சிலும் ஒன்று. உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. மைனி லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பவர் பட்டனைக் கண்டுபிடித்து, அதன்மேல் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். அப்புறம் அண்ணன் மாவிலையைச் செம்பில் முக்கி, பிரஸ்ஸுக்கு ஒரு வீச்சு, மிஷின்களுக்கு ஒரு வீச்சு, என் கீபோர்டுக்கு ஒரு வீச்சு வீசினான்.

"அண்ணே, தண்ணி" என்றேன்.

"தீர்த்தம்ட்டி. அது ஒண்ணும் செய்யாது."

தையல் மிஷினை வருஷா வருஷம் இப்படித்தான் நனைக்கிறான், அது ஓடத்தானே செய்கிறது என்று அவன் நினைத்திருப்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை வேலைக்காரர்கள் முன்னால், கற்பூரம் எரியும்போது, சாமி காரியத்தில் குறுக்கே விழுந்து லேப்டாப்பைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் எழுந்தேன். காலையிலேயே மறுபூஜை போட்டுவிடுவதாகச் சொன்ன அண்ணன், பூஜைக்குப் பிறகு கூட்டாளிகளோடு குடித்துவிட்டு வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் ஏணியில் இறங்கி, அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு லேப்டாப்பை மேலே தூக்கிக்கொண்டு வந்தேன். பொட்டைத் துடைத்துவிட்டு பட்டனை அமுக்கினேன். ஒன்றும் இல்லை.

சார்ஜரைச் செருகினேன். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் எரியவில்லை. பிளக்கை மாற்றினேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அந்தப் பாயிண்டில் செருகினேன். சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டனை விரல் வலிக்கும் வரை அமுக்கிப் பிடித்தேன். மறுபடி செருகினேன், மறுபடி அமுக்கினேன். கருப்புத் திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையை மடக்கி லேப்டாப்பின் முதுகில் குத்தினேன். செத்த மாட்டை அடிப்பது போல அடித்தேன். அப்புறம் நானே பயந்துபோய் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ரிப்பேர் கடைக்கு ஓடலாம் என்றால் தசமி அன்று அந்த நேரத்தில் ஒருவனும் ஷட்டரைத் தூக்கியிருக்க மாட்டான். தூக்கினாலும் அவனும் ஸ்க்ரூ டிரைவரைச் சாமி முன்னால் வைத்திருப்பான். போனில் வீடியோ தேடினேன். தண்ணீர் பட்ட லேப்டாப்பை மறுபடி மறுபடி ஆன் பண்ணாதே, பின்பக்கத்தைத் திற, பேட்டரியின் வயரைக் கழற்று, சுத்தம் செய், காய விடு என்று ஒருவன் இந்தியில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அதற்குள் இருபது முறை அமுக்கியிருப்பேன். திறப்பதற்குச் சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். தையல் மிஷினைக் கழற்ற அண்ணன் வைத்திருக்கிற செட்டில் அது உண்டு. அந்த செட் அம்மன் காலடியில், சந்தனப் பொட்டோடு இருந்தது.

லேப்டாப் என்னுடையது, அதை எடுத்தது ஒரு தப்பு என்றால், ஸ்க்ரூ டிரைவர் கார்கானாவினுடையது, அதை எடுப்பது அதைவிடப் பெரிய தப்பு. மறுபூஜைக்கு முன் ஆயுதத்தை எடுத்தால் அந்த வருஷம் தொழில் அறுந்துவிடும் என்று அண்ணன் உயிராக நம்புகிறவன். எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

மேலே என் பாயில் உட்கார்ந்து இரண்டாவது ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அண்ணன் குரல் கேட்டது.

"என்னட்டி கையில?"

திரும்பினேன். ஸ்க்ரூ டிரைவரின் பிடியில் குங்குமம் அப்படியே இருந்தது. "பத்து மணிக்கு ரிவ்யூ இருக்கு அண்ணே" என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அறைந்துவிட்டான். அவன் கண்ணாடியைக் கழற்றவில்லை. கண்ணாடி முகத்திலேயே உடைந்து, புருவத்தைக் கிழித்துக்கொண்டு சிலிண்டருக்குப் பின்னால் போய் விழுந்தது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் ஒரு மோது மோதினான்.

"சவத்து மூதி, என் குடிய கெடுக்கவாட்டி வந்த? புருஷன்கிட்ட பொழைக்கத் தெரியாம இங்ஙன வந்து என் தொழில அறுக்கியா?"

அவன் இரண்டாவது முறை என் தலையைப் பின்னுக்கு இழுத்தபோது நான் ஸ்க்ரூ டிரைவரை அவன் முழங்கைக்குக் கீழே இறக்கினேன். ஆழமாகப் போகவில்லை. ஆனால் சதைக்குள் போனது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவன் முடியை விட்டான். ரத்தம் கையில் வழிந்து பாயில் சொட்டியது. வலியைவிட ஆச்சரியம்தான் அவன் முகத்தில் இருந்தது, சுவர் திருப்பி அடித்துவிட்டது போல. எனக்குப் பயமே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன், இன்னொரு முறை குத்த வேண்டும் போலிருந்தது. புருஷனிடம் வாங்கிய அத்தனைக்கும் சேர்த்து அந்தக் கையில் வெறி ஏறியிருந்தது.

மைனி நடுவில் வந்து நின்றாள். அண்ணனைப் பார்த்து, "போயி குளிங்க. மறுபூஜைக்கு நேரமாவுது" என்றாள். அவன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, ஏணியில் இறங்கிப் போனான்.

சிலிண்டருக்குப் பின்னாலிருந்து கண்ணாடியைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதை மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மீதி ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். பழைய ஏ.டி.எம். கார்டை இடுக்கில் விட்டு நெம்பியதில் பின்மூடி படக்கென்று வந்தது. பேட்டரி வயரை நகத்தால் தள்ளிக் கழற்றினேன். தீர்த்தம் கீபோர்டு வழியாக இறங்கி ஓரத்தில் மஞ்சள் கறையாகக் காய்ந்திருந்தது. பவர் பட்டனுக்குக் கீழே சந்தனம் இறங்கி, இறுகி, பட்டன் முழுசாக அமுங்க முடியாதபடி அடைத்துக்கொண்டிருந்தது. கொரோனா காலத்து சானிடைசர் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காது குடையும் பஞ்சை அதில் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். மைனி பக்கத்தில் உட்கார்ந்து போன் டார்ச்சைப் பிடித்தாள்.

"பொட்ட நான்தான வச்சேன்" என்றாள்.

என் புருவத்து ரத்தம் மதர்போர்டில் சொட்டிவிடக் கூடாதே என்று தலையைச் சாய்த்து வைத்திருந்தேன்.

அவளே மேலும் சொன்னாள். "வெளிய மஞ்சள் போடாத, கறை தெரியும். மொதல்ல உப்புத்தண்ணி வச்சு வாய கொப்பளி. நாக்கால தள்ளிப் பாரு, கடவாப்பல்லு ஆடுதான்னு. ஆடிச்சின்னா ரெண்டு நாள் அந்தப் பக்கம் மெல்லாத, தானா இறுகிரும்."

ஒரு கண்ணால் அவளைப் பார்த்தேன். அவள் டார்ச்சை நேராகப் பிடித்துக்கொண்டு பட்டனையே பார்த்தாள். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். பிரஸ் சத்தம் என்று நினைத்து எத்தனை அடியைக் கேட்காமல் இருந்திருக்கிறேனோ.

டேபிள் ஃபேனை லேப்டாப்புக்கு நேராக வைத்துக் காயவிட்டோம். கீழே மணியடித்து மறுபூஜை நடந்துகொண்டிருந்தது. பேட்டரி வயரைச் செருகி, மூடியைக்கூடப் போடாமல் லேப்டாப்பைத் திருப்பி வைத்து பட்டனை அமுக்கினேன். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் விளக்கு, அப்புறம் திரை. அடி வாங்கியபோது வராத அழுகை அப்போது வந்தது. ஏங்கி ஏங்கி அழுதேன். மைனி என் முதுகில் தட்டி, "மூஞ்சியக் கழுவு, மணியாச்சு" என்றாள்.

கழுவினால் மட்டும் என்ன? ரிவ்யூவில் கேமரா கட்டாயம். டீம் லீடர் மும்பைக்குப் பக்கத்தில் தானேயில் இருக்கிற மராட்டிக்காரப் பெண். அவளோடு இன்னும் இரண்டு பேர் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் கட்டத்தில் வீங்கிய கன்னமும், பாதிக் கண்ணாடியும், புருவத்தில் பிளாஸ்திரியும் தெரிந்தன. அவள் குட்மார்னிங் சொல்ல வாயைத் திறந்து அப்படியே நிறுத்தினாள். முகத்துக்கு என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் கற்பூரத் தட்டோடு ஏணியேறி வந்தான். வீட்டில் இருப்பவர்களுக்கும் காட்ட வேண்டுமே. என் தோளுக்குப் பின்னால், திரையில், அவன் முகம் விபூதியும் குங்குமமுமாகத் தெரிந்தது. தட்டைப் பிடித்த கையில் துணிக்கட்டு.

"அண்ணன் அடிச்சான்" என்று இந்தியில் சொன்னேன். "லேப்டாப்பை ரிப்பேர் பண்ணினதுக்காக அடிச்சான். பின்னால நிக்கிறது அவன்தான்."

அண்ணனுக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும். திரையில் இருந்த மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டே இருக்க, பின்னாலேயே நகர்ந்து ஏணியில் இறங்கிப் போய்விட்டான். டீம் லீடர் ரிவ்யூவை வேறு நாளைக்கு மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், கேள்வியைக் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள். ஒரு பில்லை எந்த ஒழுங்கில் சரிபார்ப்பேன், தப்பு வந்தால் யாரிடம் சொல்வேன் என்றெல்லாம். தாடை வலிக்க வலிக்கப் பதில் சொன்னேன். மத்தியானத்துக்கு முன்னாலேயே மெயில் வந்தது. வேலை நிரந்தரம். மைனியிடம் படித்துக் காட்டினேன், அவள் கீழே போய் அண்ணனிடம் சொன்னாள்.

இஸ்திரிச் சட்டையும் பேடா டப்பாவுமாக என் புருஷன் வந்தபோது நானும் மைனியும் மாடியில் ஏணி ஓரமாக நின்றிருந்தோம். கீழே அண்ணன் அவருக்கு ஸ்டூல் போட்டான். வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டது, இனிமேல் அவள் வரமாட்டாள் என்று சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "மச்சான், பொம்பளைய வைக்கிற எடத்துல வைக்கணும். நீங்க இடம் குடுத்து கெடுத்துட்டீங்க" என்றார்.

அண்ணன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. "என் தங்கச்சி மேல கை வப்பியால நீ?" என்று சட்டையைப் பிடித்துத் தூக்கி, பிரஸ் மேஜையில் அவர் முகத்தைக் கொண்டுபோய் அடித்தான். பேடாக்கள் தோல் துண்டுகள்மேல் சிதறின. மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். வேலைக்காரர்கள் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. என் புருஷன் குரலை உயர்த்தியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். விடு, விடு என்று கத்தினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. பக்கத்தில் மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு அண்ணன் மேலே வந்தான். அடித்த கை விரல்முட்டியெல்லாம் வீங்கியிருந்தது. இன்னொரு கையில் நான் குத்திய இடத்தில் துணி நனைந்திருந்தது. மைனி ஃபிரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு முன்னால் வைத்தாள். அவன் கையை அதில் வைத்துக்கொண்டு, காலையில் ஒன்றுமே நடக்காதது போல, என்னைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"இனிமே அவன் உன் மேல கை வைக்க மாட்டான்ட்டி."

"நீ?" என்று கேட்டேன்.

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. என் கன்னத்தைப் பார்த்தான், மைனியைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"நான் உன் அண்ணன்லாட்டி" என்றான்.

அடுத்த வாரம் மான்குர்த்தில் எனக்கென்று ஒரு அறை பார்த்துக்கொண்டு போனேன். மைனியையும் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.